ஐஸ் மேல் ஆட்டம், மார்க் யார் கையில்?

கயத்தாறில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஐஸ் என்றால் இரண்டே அர்த்தம்தான். சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி வைத்துக் கட்டி, மூடியை டப் டப் என்று தட்டிக்கொண்டு வருவாரே, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பால் ஐஸ், சேமியா ஐஸ் ஒன்று. காரியம் ஆக வேண்டி ஒருத்தரைப் புகழ்ந்து பேசுவது இன்னொன்று. தண்ணியே மழைக்காலத்தில் மட்டும் கண்ணில் படுகிற கரிசக்காட்டில் தண்ணி உறைஞ்சு, அது மேல் ஆள் வழுக்கி ஆடுவதெல்லாம் கற்பனைக்கும் எட்டாத சங்கதி. அப்படிப்பட்ட ஊர்க்காரன் இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல் ஃபிகர் ஸ்கேட்டிங் ரசிகனாக இருக்கிறேன் என்று சொன்னால் ஆபீஸில் சிரிக்கிறார்கள். (காலேஜ் காலத்து 'ஃபிகர்' இல்லைங்க. அந்த ஜோக்கைப் போதுமான அளவு கேட்டாச்சு.)

எங்க பக்கம் போட்டி என்றால் கணக்கு சுத்தமாக இருக்கும். பக்கத்தில் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். பந்து பலகையில் பட்டால் கோல், படாவிட்டால் இல்லை. மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எல்லாத்துக்கும் ஒரே கேள்விதான்: எல்லைக் கொடியை எந்த ஜோடி முதலில் தொட்டது? சண்டை வரும், வராமல் இருக்காது. ஆனால் அது "எவன் வண்டியை ஒதுக்கினான்" என்கிற சண்டையாக இருக்குமே தவிர, "எந்த மாடு அழகாக ஓடியது" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கொடை விழாவில் கரகாட்டம் வேற ரகம். ரெண்டு செட்டைக் கூப்பிட்டு எதிரும் புதிருமாக ஆட விடுவார்கள். அங்கே நடுவரும் கிடையாது, மார்க்கும் கிடையாது. யாருக்கு ரூபா நோட்டு அதிகமாகக் குத்தினார்கள், யார் பேரை மைக்கில் "அன்பளிப்பு" என்று அதிகம் வாசித்தார்கள், அவ்வளவுதான் தீர்ப்பு.

ஃபிகர் ஸ்கேட்டிங் இந்த ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு விளையாட்டு. கரகாட்டத்துக்கு மாட்டுவண்டிப் பந்தயம் மாதிரி முடிவு சொல்ல வேண்டிய கட்டாயம். நூறு வருசத்துக்கும் மேலாக இதைச் சரி செய்யப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதன் விதிப்புத்தகத்தில் நடந்த பெரிய மாற்றங்கள் பலவற்றுக்கும் பின்னால், மைதானத்திலோ டிவி முன்னாலோ உட்கார்ந்து "இது அநியாயம்" என்று கத்திய ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கத்தலின் வரலாற்றைத்தான் கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு இது தொத்திக்கொண்ட நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1998. பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டிருந்த நேரம். கேபிள் டிவியில் நாகானோ குளிர்கால ஒலிம்பிக் ஹைலைட்ஸ். இங்கிலீஷ் வர்ணனை பாதிதான் புரிந்தது. நடுவில் "சூர்யா, சூர்யா" என்று காதில் விழுந்தது. நம்ம சூர்யா 'நேருக்கு நேர்' படத்தில் வந்த புதுசு, அதனால் திரும்பிப் பார்த்தேன். பார்த்தால் ஒரு கறுப்பினப் பெண். பிரான்ஸ் நாட்டு சூர்யா போனாலி. தத்தெடுத்து வளர்த்த பெற்றோர் வைத்த பேர், நம்ம சூரியன்தான்.

ஆட்டத்தின் நடுவில் அவர் பின்னோக்கி ஓடி வந்து, அப்படியே தலைகீழாகப் பின்குட்டிக்கரணம் அடித்து, ஒத்தைக் காலில் இறங்கினார். ஐஸ் மேல், கத்தி விளிம்பில், ஒத்தைக் காலில்! கூட்டம் ஓ என்று எழுந்தது. நானும்தான் பாயிலிருந்து எழுந்தேன். ஆனால் கடைசியில் அவருக்குக் கிடைத்தது பத்தாம் இடம்.

அந்தக் குட்டிக்கரணம் தடை செய்யப்பட்ட ஒன்று என்பது எனக்கு அப்புறமாகத்தான் தெரிந்தது. 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் டெரி குபிக்கா என்ற அமெரிக்கர் அடித்துக் காட்டினார். ஆபத்து என்று சொல்லி அதற்குப் பின் தடுத்துவிட்டார்கள். போனாலிக்கு இது தெரியாதா? தெரிந்துதான் அடித்தார். 1991 முதல் 1995 வரை வரிசையாக ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன். 1993, 94, 95 மூன்று உலகப் போட்டியிலும் வெள்ளி, ஒரு தடவை கூட தங்கம் இல்லை. 1994ல் ஜப்பானின் சிபாவில் யூகா சாடோவுடன் சமநிலை வந்து, அதை உடைத்ததில் தங்கம் கைமாறிப் போனது. பரிசு மேடையில் ஏற மாட்டேன் என்று கீழேயே நின்றார், கழுத்தில் போட்ட வெள்ளிப் பதக்கத்தைக் கழட்டினார். ஜப்பான் கூட்டம் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது. நாலு வருசம் கழித்து அதே ஜப்பானில், நாகானோவில், கால் நரம்பு அறுந்து தைத்து வந்த உடம்போடு, எப்படியும் பதக்கம் கிடையாது என்று தெரிந்த நிலையில்தான் அந்தக் கரணம். இந்தத் தடவை கூட்டம் அவர் பக்கம். மார்க் போடுகிறவர்களுக்கு அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. அதோடு போட்டி ஸ்கேட்டிங்கை விட்டும் போய்விட்டார்.

இந்தக் கூச்சலும் கைதட்டலும் எப்போது விதிப்புத்தகத்துக்குள் நுழைந்தது என்று தேடிப் போனால் 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் போய் நிற்கிறோம்.

அதுக்கு முன்னால் 'ஃபிகர்' என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் இந்த விளையாட்டின் பெரும்பகுதி ஆட்டமே இல்லை, கோலம். சுத்தமான ஐஸ் பரப்பில் ஒத்தைக் காலில் எட்டு மாதிரி வட்டங்களைக் கத்தியால் கீறி வரைய வேண்டும். வரைந்த கோட்டின் மேலேயே மறுபடி, மறுபடி. மூன்று சுத்தும் ஒரே கோடாக விழ வேண்டும். ஆள் நகர்ந்ததும் நடுவர்கள் வந்து குனிந்து, கிட்டத்தட்ட மண்டியிட்டு, கோடு எங்கே விலகியிருக்கிறது, கத்தியின் எந்த விளிம்பில் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இசை கிடையாது. காலி அரங்கம். மணிக்கணக்கில் நடக்கும். இதுக்கு ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் அறுபது சதவீதம், பிறகு பாதி.

ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா இந்தக் கோலத்தில் ராணி. சப்போரோவில் கோலச் சுற்றிலேயே யாரும் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விட்டார். பிறகு டிவியில் காட்டிய இசையாட்டத்தில் அவர் ஏழாவது. ஆனாலும் தங்கம் அவருக்கு. இசையாட்டத்தில் முதலிடம் பிடித்தவர் அமெரிக்காவின் ஜேனட் லின், பதினெட்டு வயசுப் பொண்ணு. சுழற்சி ஒன்றுக்குத் தாவும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தார். எழுந்தார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கடைசியில் வெண்கலம். ஜப்பான்காரர்களுக்கு அந்தச் சிரிப்பு அப்படிப் பிடித்துப்போனது. அவருக்குக் கடிதங்கள் குவிந்தன, விளம்பரங்களில் வந்தார். தங்கம் வாங்கியவரை விட வெண்கலம் வாங்கியவர் அந்த ஊரில் பெரிய ஆள் ஆனார்.

டிவி பார்த்தவர்கள் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். அவர்கள் கோலச் சுற்றைப் பார்க்கவேயில்லை. கண்ணால் பார்த்தது இசையாட்டம் மட்டும். அதில் ஏழாவதாக வந்தவர் தங்கத்தோடு நிற்கிறார். "என்னய்யா கணக்கு இது" என்று கேட்காமல் என்ன செய்வார்கள்? சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 1973லிருந்து குறும்நிகழ்ச்சி என்ற புதுச் சுற்றைக் கொண்டுவந்தது. கோலம் 40, குறும்நிகழ்ச்சி 20, நெடும்நிகழ்ச்சி 40. 1976ல் கோலம் 30 ஆனது. அப்படியே தேய்ந்து 1990ல் மொத்தமாகப் போயிற்று. விளையாட்டின் பேரில் மட்டும் 'ஃபிகர்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆறு இல்லாத ஊருக்கு ஆத்தங்கரைத் தெரு மாதிரி.

இதில் ஒரு கொடுமை. ஜேனட் லின் மாதிரி ஆட்களுக்கு நியாயம் செய்யத்தான் அந்தப் புதுச் சுற்று என்று பேச்சு. அது முதல்முறை வந்த 1973 உலகப் போட்டியில், அதே புதுச் சுற்றில் விழுந்தது யார் தெரியுமா? ஜேனட் லின். அதனால் தங்கம் கனடாவின் கரேன் மேக்னுசனுக்குப் போனது. கோலத்தில் வழக்கமாகப் பின்தங்குகிற லின், அந்த வருசம் கோலத்தை நன்றாகவே போட்டிருந்தார் என்பது கூடுதல் கொடுமை.

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப அம்மாவுக்கு இந்த சப்போரோ வீடியோவை டிவியில் போட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு எழுபதை நெருங்குது. கரகாட்டம், ஒயிலாட்டம் என்றால் விடிய விடிய உட்கார்ந்து பார்த்த ஆள். லின் விழுந்த இடம் வந்ததும், "எய்யா, விழுந்துட்டுல்லா சிரிக்கா! பாரேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆடுதா" என்றாள். "முதப் பரிசு இந்தப் புள்ளைக்குத்தானே?" என்று கேட்டாள். இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. அரை நூற்றாண்டு தள்ளி, கயத்தாறில் ஒரு ஜப்பான் ரசிகை கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சும்மா இருக்காமல் அடுத்து ஒரு கோலச் சுற்று வீடியோவையும் போட்டேன். ஷூபா இல்லை, வேறு யாரோ. இசை இல்லாமல், ஒரு பெண் மெதுவாக வட்டம் போடுகிற வீடியோ. அஞ்சு நிமிசத்தில் அம்மா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மூணாவது சுத்துலயும் அதே கோடா?" "ஆமா." "கையால இழுக்கதுக்கே எனக்கு நாப்பது வருசம் ஆச்சு. இவ காலால இழுக்கா." கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு ஏன்யா பரிசு குடுக்கக் கூடாதுங்காவ?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அத்தனை வருசமாக ஷூபா கதையை நான் படித்ததெல்லாம் ஒரே மாதிரிதான்: ஆடத் தெரியாதவர் கணக்கில் ஜெயித்தார். சிக்குக் கோலம் போட்டுப் பழகிய ஒருத்தி பார்த்தால் அது அப்படித் தெரியவில்லை. மைதானத்தில் கத்துகிற கூட்டத்தின் கோபம் உண்மையானதுதான். ஆனால் அந்தக் கோபம் எதைப் பார்த்து வந்தது, எதைப் பார்க்காததால் வந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் போல.

நடுவில் 1984. சராயேவோ. இதைச் சொல்லாமல் போனால் ஸ்கேட்டிங் ரசிகர்கள் என்னை விட மாட்டார்கள். இங்கிலாந்தின் ஜேன் டார்வில், கிறிஸ்டஃபர் டீன் ஜோடி, ராவேலின் 'பொலேரோ' இசைக்கு ஆடியது. கலைத்தன்மைக்கு ஒன்பது நடுவர்களும் 6.0. அந்தக் காலத்தில் ஆறுதான் முழு மார்க். எனக்குப் பிடித்தது அந்த ஆறுகள் இல்லை, ஆரம்பத்தில் அவர்கள் செய்த தில்லாலங்கடி. நேர வரம்பு நாலு நிமிசம், பத்து விநாடி முன்னப்பின்ன இருக்கலாம். அவர்கள் இசையோ நாலு நிமிசம் 28 விநாடிக்குக் கீழே வெட்ட முடியவில்லை. விதியைப் படித்தார்கள். கத்தி ஐஸில் படும்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும் என்று இருந்தது. சரி என்று முதல் 18 விநாடி முழங்காலில் நின்றுகொண்டே ஆடினார்கள். கத்தி தரையில் படவில்லை, கடிகாரமும் ஓடவில்லை. உலகம் முழுக்க அந்த முழங்கால் ஆரம்பத்தைப் பார்த்துக் கண் கலங்கியது. அது நேரத்தை ஏய்க்கச் செய்த வேலை! எங்க தொழிலில் இதற்கு வொர்க்-அரவுண்டு என்று பேர். இத்தனை அழகான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி 2002, சால்ட் லேக் சிட்டி. நான் இன்ஜினியரிங் கடைசி வருசம். பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து, புராஜெக்டுக்குத் தேடுகிற சாக்கில் இதைத்தான் படித்தேன்.

பிப்ரவரி 11, ஜோடி ஆட்டம். ரஷ்யாவின் பெரெஷ்னயா, சிகருலிட்சே. கனடாவின் சாலே, பெல்லெட்டியே. ரஷ்ய ஜோடியில் சிகருலிட்சே ஒரு தாவலில் இறங்கும்போது தடுமாறினார். கனடா ஜோடி ஒரு பிசகும் இல்லாமல் முடித்தது. முடிப்பதற்குள் கூட்டம் "சிக்ஸ், சிக்ஸ்" என்று கத்த ஆரம்பித்துவிட்டது. ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ரஷ்யா, நாலு பேர் கனடா. அரங்கமே கூச்சல். பிறகு பிரான்ஸ் நாட்டு நடுவர் மரி-ரெய்ன் லெ குன், தன் நாட்டுச் சங்கத்திலிருந்து நெருக்குதல் வந்தது என்று சொன்னார். அப்புறம் அதை மறுத்தார். நாலே நாளில், பிப்ரவரி 15ல், கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் என்று அறிவித்தார்கள். லெ குன்னுக்கும் பிரான்ஸ் சங்கத் தலைவருக்கும் மூன்று வருசத் தடை. (முன்னாலேயே எழுதி வைத்த தீர்ப்பு என்றால் கயத்தாறுக்காரனுக்கு 1799தான் ஞாபகம் வரும். பானர்மேன் விசாரித்தான், அன்றே புளியமரத்தில் தூக்கு. அதைப் பற்றித் தனியாக எழுதணும்.)

எல்லோரும் பேசியது இந்த ஊழலைத்தான். எனக்கோ பத்து நாள் கழித்து நடந்த பெண்கள் போட்டிதான் தூக்கத்தைக் கெடுத்தது. அதில் ஊழல் எதுவும் இல்லை. வெறும் கணக்கு.

பழைய முறையில் 5.8, 5.9 என்று நடுவர் போடுவது வெறும் அடையாளம். உண்மையில் எடுத்துக்கொள்வது அதிலிருந்து வரும் இடவரிசையை மட்டும். குறும்நிகழ்ச்சியில் எந்த இடமோ அதில் பாதி, நெடும்நிகழ்ச்சியில் எந்த இடமோ அது முழுசாக, ரெண்டையும் கூட்ட வேண்டும். குறைந்த கூட்டுத்தொகை ஜெயிக்கும். குறும்நிகழ்ச்சி முடிவில் மிஷெல் குவான் முதலிடம், இரினா ஸ்லுட்ஸ்கயா ரெண்டு, சாரா ஹியூஸ் நாலு. நெடும்நிகழ்ச்சியில் பதினாறு வயசு ஹியூஸ் பிரமாதமாக ஆடினார். அடுத்து வந்த குவான் ஒரு தாவலில் தடுமாறி, இன்னொன்றில் விழுந்தார். இப்போது கணக்கு: குவான் 0.5 கூட்டல் 2, மொத்தம் 2.5. ஹியூஸ் 2 கூட்டல் 1, மொத்தம் 3. விழுந்த பிறகும் குவான்தான் முன்னால்.

கடைசியாக ஸ்லுட்ஸ்கயா ஆடினார். நடுவர்கள் அவரை நெடும்நிகழ்ச்சியில் ஹியூஸுக்குக் கீழே, குவானுக்கு மேலே வைத்தார்கள். குவான் மூணாவது இடத்துக்கு இறங்கினார், மொத்தம் 3.5. ஸ்லுட்ஸ்கயா 1 கூட்டல் 2, மொத்தம் 3. ஹியூஸும் 3. சமநிலை வந்தால் நெடும்நிகழ்ச்சியில் முந்தியவருக்குத் தங்கம், அதனால் ஹியூஸ். அதாவது ஹியூஸும் குவானும் ஆடி முடித்துவிட்டார்கள், ரெண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். மூணாவதாக ஒருத்தர் வந்து ஆடியதால் இவர்கள் ரெண்டு பேருக்குள் யார் பெரியவர் என்பது தலைகீழாகிவிட்டது. ஒரு நோட்டில் இந்தக் கணக்கை நாலு தடவை போட்டுப் பார்த்தேன். தப்பே இல்லை.

இது எவ்வளவு கசப்பான விஷயம் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. முதல் கம்பெனியில் பெல் கர்வ் என்று ஒன்று வைத்திருந்தார்கள். நீ என்ன செய்தாய் என்பது ரெண்டாம்பட்சம், உன் டீமில் மத்தவன் என்ன செய்தான் என்பதை வைத்துத்தான் உன் ரேட்டிங். ஒரு வருசம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நல்லாத்தான் பண்ணியிருக்க, ஆனா புதுசா வந்த பையன் ரொம்ப நல்லா பண்ணிட்டான், அதனால உன்னைக் கீழே தள்ள வேண்டியதாப் போச்சு" என்றார். வெளியே வந்து டீ குடிக்கும்போது மிஷெல் குவானை நினைத்துக்கொண்டேன். சத்தியமாக.

அந்த 2002 கூச்சலின் விளைவுதான் 2004ல் வந்த புது முறை. ஆறு போயிற்று, இடவரிசை போயிற்று. ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படைப் புள்ளி. அதை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்குத் தனியாகக் கூட்டல் கழித்தல். ஆட்டத்தின் மொத்த நேர்த்திக்கு இன்னொரு கணக்கு. ஒன்பது நடுவர்களின் எண்ணில் பெரியதையும் சின்னதையும் தூக்கிவிட்டு மீதிக்குச் சராசரி. உன் மதிப்பெண்ணுக்கும் எனக்குப் பிறகு ஆடுகிறவருக்கும் சம்பந்தமே கிடையாது. முதல்முறை இதைப் படித்தபோது, அடடா, ஒழுங்கான ஆள் யாரோ டிசைன் பண்ணியிருக்கிறார் என்று தோன்றியது. ஆனால் நடுவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, எந்த மார்க்கை எந்த நடுவர் போட்டார் என்பதை மறைத்தும் விட்டார்கள். லாக் ஃபைலில் யூசர் பேரை அழித்துவிட்டு, இனிமேல் தப்பு நடக்காது என்று சொல்கிற மாதிரி.

அது வெடித்தது 2014 பிப்ரவரி 20, சோச்சியில். ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா 224.59. கொரியாவின் கிம் யூ-நா 219.11. ஒரு நாளுக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் இணைய மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நடுவர்களில் ஒருவர் ரஷ்யச் சங்கத்தின் முன்னாள் தலைவரின் மனைவி. இன்னொருவர் 1998ல் நடந்த முறைகேட்டுக்காகத் தடை வாங்கியவர். நானும் கையெழுத்துப் போட்டேன். கிம் ஆட்டத்தைப் பார்த்தவன் எப்படிப் போடாமல் இருப்பான்?

கையெழுத்துப் போட்ட பிறகுதான் மதிப்பெண் தாளை இறக்கி எக்ஸெலில் ஏற்றினேன். வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்கிறேன். குறும்நிகழ்ச்சியில் கிம் 74.92, சோட்னிகோவா 74.64. நெடும்நிகழ்ச்சியில் சோட்னிகோவா 149.95, கிம் 144.19, வித்தியாசம் 5.76. இதைப் பிரித்தால், அடிப்படைப் புள்ளியிலேயே சோட்னிகோவா 61.43, கிம் 57.49. கிட்டத்தட்ட நாலு புள்ளி அங்கேயே போய்விட்டது, ஏனென்றால் அவர் மூன்று சுற்றுத் தாவல் ஏழு போட்டார், கிம் ஆறு. நன்றாகச் செய்ததற்கான கூட்டலில் இன்னும் 1.91. நேர்த்திக் கணக்கில் கிம் 74.50, சோட்னிகோவா 74.41, ஏறக்குறைய சமம்.

சந்தேகம் இருக்க வேண்டிய இடம் அந்தச் சமம்தான். சோட்னிகோவா அதுவரை வாங்கி வந்ததை விட அது எகிறிய எண், அதுவும் சொந்த நாட்டில். ஆனால் கூட்டம் கத்திய "பச்சைத் திருட்டு" தாளில் இல்லை. பெரிய பங்கு, விதிப்புத்தகத்தை நன்றாகப் படித்து, அதிகப் புள்ளி வருகிற மாதிரி ஆட்டத்தை அமைத்ததில் வந்தது. கொரியாவின் புகாரைச் சங்கம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் அந்தக் கூச்சல் வீணாகவில்லை. 2016ல் நடுவர் பேரை மறைக்கும் வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு எந்த நாட்டு நடுவர் யாருக்கு எவ்வளவு போட்டார் என்று நானே உட்கார்ந்து பார்க்கலாம், பார்க்கிறேன்.

என் கணக்கு மனசுக்கு ஒப்புக்கொண்டதா? இல்லை. இப்பவும் ரெண்டு வீடியோவையும் அடுத்தடுத்து ஓட விட்டால் கிம்மைத்தான் திரும்பப் பார்க்கிறேன்.

2018ல் பியோங்சாங்கில் இன்னொன்று. ஆட்டத்தின் பின்பாதியில் போடும் தாவலுக்குப் பத்து சதவீதம் கூடுதல் என்று விதி. கால் அசந்த பிறகு தாவுவது கஷ்டமாச்சே. பதினைந்து வயசு அலினா ஜகிடோவா அத்தனை தாவலையும் பின்பாதிக்குத் தள்ளினார். முதல் பாதி முழுக்க சும்மா ஆட்டம். நெடும்நிகழ்ச்சியில் அவருக்கும் மெத்வெதேவாவுக்கும் ஒரே எண், 156.65. மொத்தத்தில் 1.31 புள்ளி வித்தியாசத்தில் ஜகிடோவாவுக்குத் தங்கம். ரசிகர்கள் பிய்த்துக்கொண்டார்கள். அடுத்த சீசனிலேயே அந்தக் கூடுதலுக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. எதை அளந்தாலும், அளக்கிற விதியைப் பார்த்து ஆடுகிறவர் ஒருத்தர் வருவார். டார்வில்–டீன் முழங்காலைக் கொண்டாடிய நான் ஜகிடோவாவைத் திட்டினால் நியாயமா என்று எனக்கே கேள்வி உண்டு. அழகாக ஏய்த்தால் சரி, அழகு குறைகிற மாதிரி ஏய்த்தால் தப்பு என்கிறதுதான் என் கட்சி போல. இதை எந்த விதிப்புத்தகத்தில் எழுதுவது?

இந்தியாவில் இந்த விளையாட்டு ஒரு கைக்குட்டை அளவுதான். சிம்லாவில் 1920லிருந்து, குளிரில் தானாக உறைகிற ஐஸில் ஆடுகிறார்கள். டேராடூனில் 2011ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக ஒரு உள்ளரங்கம் கட்டினார்கள். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவுக்காக ஆடுகிற தாரா பிரசாத் 2025ல் ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் கலந்துகொண்டார். அவர் மதிப்பெண் தாளும் என் எக்ஸெலில் ஒரு தனி ஷீட்டில் இருக்கிறது. நம்ம ஆள் விசயத்தில் நானும் கூட்டத்தோடு சேர்ந்து கத்துகிற ரகம்தான், நடுநிலை எல்லாம் கிடையாது.

கடைசியாக அந்தக் குட்டிக்கரணத்துக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் மாண்ட்ரியல் உலகப் போட்டியில் பிரான்ஸின் ஆடம் சியாவ் ஹிம் ஃபா, குறும்நிகழ்ச்சியில் சொதப்பிப் பத்தொன்பதாவது இடத்தில் இருந்தார். நெடும்நிகழ்ச்சியில் அதே தடை செய்த கரணத்தை அடித்தார். தெரிந்தே கழிவை வாங்கிக்கொண்டார், அப்படியும் வெண்கலத்துக்கு ஏறினார். அதே வருசம் ஜூனில் சங்கம் தடையை நீக்கிவிட்டது. போனாலி ஒத்தைக் காலில் இறங்கி 26 வருசம் கழித்து.

அம்மாவிடம் நாகானோ வீடியோவையும் போட்டேன். கரணம் வந்ததும் "ஆத்தாடி!" என்று வாயில் கை வைத்தாள். ரெண்டாவது தடவை ஓட்டச் சொன்னாள். இவருக்கு அதுக்காக மார்க்கைக் குறைத்தார்கள், இப்போது அடித்தால் குறைக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். "கூட்டுவாவளா?" என்று கேட்டாள். தனியாக அதுக்கென்று புள்ளி இல்லை, குறைக்க மாட்டார்கள், அவ்வளவுதான் என்றேன்.

"அதுக்கு எங்க ஊருல நோட்டுக் குத்தியிருப்போம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருந்த ஞாபகம் வந்து எழுந்து போனாள்.